முறையிடும் பிள்ளைக்குக் காவல் யார்?

சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி முனை வரையுள்ள நமது கரையோரத்தில் எந்தப் பொதுக்கூட்டம் நடந்தாலும் கல்வியைப் பற்றிப் பேசாத பேச்சாளர் இல்லை. கட்டிடம் போதாது என்கிறோம். கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்கிறோம். தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் மாற்றாந்தாய் மனப்பான்மையோடு நடத்தப்படுகின்றன என்கிறோம். இவை யாவும் நியாயமான முறைப்பாடுகளே. இவற்றை மேடையேறி முழங்கியவர்களுள் இக்கட்டுரையாளனும் ஒருவன். ஆனால் கட்டிடம் எழுந்து, ஆசிரியரும் வந்து, மணியும் அடித்த பின்னர், வகுப்பறைக்குள் நுழைய அஞ்சி வேலியோரம் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைப் பற்றி நாம் எந்த மேடையிற் பேசியிருக்கிறோம்?

அந்தப் பிள்ளை பாடத்துக்கு அஞ்சவில்லை; பரீட்சைக்கும் அஞ்சவில்லை. தன்னோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கும் மாணவருக்கு அஞ்சுகிறது. தகப்பன் கருவாடு காயவைப்பவர் என்பதற்காக அதனையே பெயராக்கி அழைக்கிறார்கள். தாய் கட்டிக் கொடுத்த உணவைப் பறிக்கிறார்கள். தமது புத்தகப் பைகளைச் சுமக்க வைக்கிறார்கள். மறுத்தால் இடைவேளையிற் கிணற்றடியில் அடி. மாலையானதும் கைத்தொலைபேசி வழியே வசை. இது ஒரு நாளோடு முடிவதில்லை. தவணை தவணையாகத் தொடர்கிறது.

சமவலிமையுள்ள இரு சிறுவர் பந்துக்காக அடித்துக்கொண்டு மறுநாள் தோளிற் கைபோட்டுத் திரிவது விளையாட்டு. வலியவன் ஒருவனோ, வலியவர் கூட்டமொன்றோ, எதிர்த்து நிற்க இயலாத ஒருவனைத் தெரிந்தெடுத்து, வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும் நோகச் செய்வது கொடுமை. முன்னதைச் சுட்டிக்காட்டிப் பின்னதையும் "சிறுவர் விளையாட்டு" என்று தள்ளிவிடுவது பெரியவர்களாகிய நமது சோம்பலுக்கு நாம் சூட்டிக்கொண்ட அழகிய பெயர்.

ஊரின் அதிகாரம் வகுப்பறைக்குள்

பத்து வயதுச் சிறுவனுக்கு மற்றொரு சிறுவனை அடக்கியாளும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? உடல்வலிமை ஒரு சிறு பங்கு. பெரும்பங்கை அவன் ஊரிலிருந்து கடன் வாங்குகிறான்.

நமது கடற்கரையில் கரைவலையின் உடைமையாளர் சம்மாட்டியார். வலையை இழுப்பவர் கூலியாள். கடல் கொந்தளித்து வருமானமற்ற மாதங்களிற் கூலியாள் வீட்டு அடுப்பு எரிவது சம்மாட்டியார் கொடுக்கும் முற்பணத்தினால். இது பிள்ளைகளுக்குத் தெரியாதென்றா எண்ணுகிறீர்கள்? யாருடைய தகப்பன் யாருடைய தகப்பனுக்கு முன்னால் துண்டை இடுப்பிற் கட்டி நிற்கிறார் என்பதைப் பிள்ளை வாய்பாட்டுக்கு முன்னரே மனப்பாடம் செய்துவிடுகிறது. இறால் பண்ணையிலும் உப்பளத்திலும் தோட்டத்திலும் கதை இதுவே. பருவத்துக்குப் பருவம் வாடி மாறி வாழும் குடும்பத்தின் பிள்ளை புதிய பாடசாலையில் எப்போதும் வந்தேறியாகவே நிற்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். உடுத்த உடையோடு வந்த அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்தது நமது புத்தளம் மாவட்டத்திலே. புத்தளத்து மக்கள் தம் வீட்டையும் வளவையும் திறந்து விட்டார்கள். இருந்த பாடசாலைகளின் இடத்தையும் பகிர்ந்து கொடுத்தார்கள். நமது மாவட்டத்தின் வரலாற்றில் இதனினும் பெருமைக்குரிய செய்தி அதிகமில்லை. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னரும், இங்கேயே பிறந்த தாய்க்கு இங்கேயே பிறந்த பிள்ளையைப் பார்த்து "அகதி" என்று அழைக்கும் நாக்கு இன்னும் அடங்கவில்லை. அச்சொல்லை அந்தச் சிறுவன் தானே கண்டுபிடித்தானா? வீட்டுத் திண்ணையிற் பெரியவர் பேசக் கேட்டதையே அவன் விளையாட்டுத் திடலிற் செலவிடுகிறான்.

ஆகவே, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைமேல் முறையிடும்போது ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின்மேல் முறையிட்டதாகவே ஊர் அதனை எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் வாய்திறவாமல் இருப்பதன் காரணம் இதுவே. அவர்கள் கோழைகளல்லர், கணக்குத் தெரிந்தவர்கள்.

நான் செய்த பிழை

இதனை நான் நூலிற் படித்துச் சொல்லவில்லை. எனது சொந்தப் பிழையினால் அறிந்து சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலையில் கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகனுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. இரண்டு வாரமாகப் பாடசாலைக்குப் போவதில்லை. முதுகில் அடித்த தழும்பு. அடித்தவர்களின் தலைவனாயிருந்த மாணவன், இவர் எந்தச் சம்மாட்டியாரின் வலையை இழுக்கிறாரோ அவருடைய மருமகன். "ஐயா, பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதலாமா?" என்று அவர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குள் அவருடைய வாழ்க்கை முழுவதும் அடங்கியிருந்தது. எனக்கு அது விளங்கவில்லை. "நியாயம் உம்முடைய பக்கம் இருக்கையில் ஏன் அஞ்சுகிறீர்?" என்று சட்டம் கற்ற செருக்கோடு சொல்லி, பிரிவுகளையும் சுற்றறிக்கைகளையும் எடுத்துக்காட்டி, பெயர் விவரங்களோடு அழகான கடிதமொன்றை அதிபருக்கு எழுதினேன்.

அதிபர் நல்லவர். கடிதம் கண்ட மறுநாளே இரு குடும்பத்தாரையும் ஒரே அறைக்கு அழைத்து, எதிரெதிரே இருத்தி விசாரித்தார். அடித்த மாணவன் மன்னிப்புக் கேட்டான், கைகுலுக்கினார்கள், விசாரணை முடிந்தது. அன்று மாலைக்குள் கடற்கரை முழுவதும் செய்தி பரவியது. அடுத்த நாள் வலை இழுக்கப் போன தகப்பனுக்கு அங்கே இடமில்லை. வாங்கிய முற்பணத்தை உடனே திருப்பும்படி கேட்டார்கள். பையனை யாரும் அதன்பின் அடிக்கவில்லை, அவனோடு பேசவுமில்லை. ஒரு மாதத்துக்குள் அவன் தன் சிற்றப்பனோடு வேறொரு கரைக்கு வாடித் தொழிலுக்குப் போய்விட்டான். பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டுமென்று நாட்டின் சட்டம் சொல்லுகிறது. அந்தச் சட்டத்தை நன்கறிந்த நானே ஒரு பிள்ளையைப் பாடசாலையிலிருந்து வெளியேற்றும் கருவியானேன்.

என் கடிதத்திற் சட்டப் பிழை ஒன்றுமில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. முறையீட்டை எழுதினேன், முறையிட்டவனுக்குக் காவல் எது என்று எண்ணவில்லை.

நாங்குநேரி தந்த பாடம்

இது நமது கரையின் தனிநோய் என்று எவரும் எண்ண வேண்டாம். கடலுக்கப்பால், தமிழகத்தின் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நிகழ்ந்ததைத் தமிழுலகம் அறியும். பன்னிரண்டாம் வகுப்பிற் படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன், ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவரின் தொல்லை தாளாது பாடசாலைக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லையென்று பாடசாலை விசாரித்தது, முறைப்பாடு கொடுக்கப்பட்டது. இவ்வளவும் ஒழுங்கே. ஆனால் ஆகஸ்ட் 9 ஆம் நாள் இரவு அம்மாணவர்கள் அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். உயிர் தப்பியது மருத்துவர் கைத்திறத்தால்.

அதன்பின் தமிழக அரசு முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை நியமித்தது. அக்குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பாடசாலைப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டிற் கட்டத் தடை, மாணவர் நலன் காக்கத் தனி அலுவலர் முதலான பல பரிந்துரைகள் அதில் உள. அவற்றை வரவேற்கிறோம். ஆயினும் அந்த இரவிலிருந்து நாம் முதலிற் கற்க வேண்டிய பாடம் வேறு. முறைப்பாட்டைக் கையிற் பெற்ற கணத்திலிருந்து பிள்ளைக்கு ஆபத்துக் குறைவதில்லை, கூடுகிறது. கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு வீடு செல்லும் பாடசாலை, தன் கடமையிற் பாதியையே செய்திருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

"கடுஞ்சட்டம் வேண்டும்" என்று உடனே குரல் எழும். சட்டத்தினாற் பிழைக்கும் எனக்குச் சட்டத்தின்மேல் வெறுப்பில்லை. ஆனால் அதன் வரலாற்றைப் பாருங்கள். 1996 இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் பொன் நாவரசு பகிடிவதையின் பேரிற் கொல்லப்பட்டான். 1997 இல் தமிழகத்திற் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையினால் மாண்டான். 1998 இல் நமது நாட்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு சட்டத்தின் தொட்டிலுக்கு அருகிலும் ஒரு பிணம் கிடக்கிறது. வந்த சட்டமோ கடுமையானது: பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை, கொடுங்காயமோ பாலியல் தொல்லையோ விளைவித்தாற் பத்தாண்டு வரை சிறை. எனினும் பகிடிவதை ஒழிந்ததா? ஒழியவில்லை என்பதை ஆண்டுதோறும் பத்திரிகைகள் சொல்லுகின்றன. அதைச் செய்பவன் பல்கலைக்கழக வாயிலில் அதனைப் புதிதாகக் கற்பதில்லை. பாடசாலையின் கிணற்றடியில் எட்டாம் வகுப்பிற் பழகியதையே அங்கே பெரிதாகச் செய்கிறான்.

அன்றியும், பாடசாலைச் சிறுவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிதன்று, ஏற்றவும் கூடாது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நமது நாட்டிற் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதில், செய்ததை உணரும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் ஆராய வேண்டும். இது சரியான கொள்கை. கொடுமை செய்யும் பிள்ளையும் பிள்ளையே.

"அப்படியானாற் பிரம்பை எடுங்கள்" என்பார் வேறு சிலர். பிரம்பு கற்பிப்பது ஒன்றே ஒன்றுதான்: வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பது. கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்தது. ஹக்மனைப் பகுதிப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததனால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அம்மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்த்து, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடு கொடுக்கக் கட்டளையிட்டது. இத்தீர்ப்பில் நமது பொருளுக்கு வேண்டிய கருத்தொன்று உண்டு: பாடசாலைக்குள் ஒரு பிள்ளைக்கு நேரும் தீங்குக்கு, அடித்த கை மாத்திரமன்றி, பிள்ளையைப் பொறுப்பேற்ற அரசும் விடை சொல்ல வேண்டும்.

கண்காணிப்பே காவல்

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நோர்வே நாட்டில் 1982 இறுதியில் மூன்று சிறுவர் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவரின் கொடுமையே காரணமென நம்பப்பட்டது. நாடு திடுக்கிட்டது. டான் ஒல்வேயஸ் என்ற உளவியல் அறிஞர் பேர்கன் நகரில் 42 பாடசாலைகளில் ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார். அவர் புதிதாக எந்த மந்திரமும் செய்யவில்லை. பெயர் எழுதாத வினாத்தாள் கொடுத்து, எங்கே, எப்போது, எவ்வளவு நடக்கிறதென்று முதலில் அறிந்தார். இடைவேளையில் ஆசிரியர் கண்காணிப்பைக் கூட்டினார். வகுப்புதோறும் தெளிவான சில விதிகளை வைத்தார். வதைத்தவனையும் வதைபட்டவனையும் தனித்தனியே அழைத்துப் பேசினார், பெற்றோரையும் சேர்த்தார். இரண்டாண்டிற் கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வதைபட்டவன் துணிந்து வந்து முறையிடும்வரை காத்திராமல், பெரியவர்கள் தாமே தேடிப்போய்க் கண்டார்கள். வெற்றியின் இரகசியம் அதுதான்.

நமது கரையோரப் பாடசாலைகள் இதனைச் செய்யக் கோடி ரூபா வேண்டியதில்லை. பின்வருவன இன்றே செய்யத்தக்கவை.

முதலாவது, முறைப்பாட்டின் உரிமையாளர் பாடசாலையாக இருக்க வேண்டும். பிள்ளை வாயாற் சொன்னாற் போதும், கையெழுத்துக் கேட்கலாகாது. அதன்பின் ஆசிரியர் தாமே கண்காணித்து, தாம் கண்டதைத் தம் பெயரிற் பதிவு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டும். "அவன் சொன்னான்" என்ற சொல்லே விசாரணையில் வரலாகாது. என் அலுவலகத்துக்கு வந்த தகப்பன் கேட்டது இதைத்தான்.

இரண்டாவது, இருவரையும் நேருக்கு நேர் இருத்தி விசாரிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நீதிமன்றத்திற் குறுக்கு விசாரணைக்கு இடமுண்டு. அங்கே சாட்சியைக் காக்க நீதவானும் பொலிசாரும் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதிபரின் அறையில் அவ்வித காவல் இல்லை.

மூன்றாவது, முறைப்பாட்டுக்குப் பின்னர் ஒரு மாத காலமேனும் அப்பிள்ளையின் பொறுப்பு ஓர் ஆசிரியர் பெயரில் எழுதப்பட வேண்டும். வாயில், வீதி, பேருந்து, கழிப்பிடம், கைத்தொலைபேசி ஆகிய ஐந்தையும் அவர் வாரந்தோறும் கேட்டறிய வேண்டும். பழிவாங்கல் நிகழ்ந்தால் அதனைப் புதிய, முன்னதினும் பெரிய குற்றமாகக் கொள்ள வேண்டும்.

நான்காவது, இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் அனைவரும் கூடியிருக்கலாகாது. கிணற்றடிக்கும் கட்டிடத்தின் பின்புறத்துக்கும் முறைவைத்து ஒருவர் போக வேண்டும். வேலைப்பளு மிகுந்த ஆசிரியர்மேல் இன்னொரு சுமையா என்று கேட்பீர்கள். ஆம், சுமைதான். ஆனால் பத்து நிமிட நடை, பத்து மாத விசாரணையைத் தவிர்க்கும்.

ஐந்தாவது, வதைத்த மாணவனை அடித்துத் துரத்தாமல், அவன் செய்ததை அவன் உணரச் செய்து, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கெடுத்ததைத் திருத்தவும் வைக்க வேண்டும். அவன் பெற்றோரையும் தனியே அழைத்து, அச்சொல்லை அவன் எங்கே கற்றான் என்று மரியாதையோடு கேட்க வேண்டும்.

இவையும் பயன்படாது உயிருக்கும் உடலுக்கும் தீங்கு வருமென்று கண்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் பகலிரவாகத் திறந்திருக்கிறது. அவ்விலக்கம் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்படட்டும்.

ஊர் கொடுக்க வேண்டிய வாக்கு

இவ்வளவும் பாடசாலையின் மதிலுக்குள். மதிலுக்கு வெளியே நமது கடமை ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இத்தனை தூரம் வந்தேன்.

பிள்ளையின் முறைப்பாட்டுக்காகத் தகப்பனின் கூலியைப் பறிப்பவன் இருக்கும்வரை, அதிபர் எத்தனை விதி எழுதினாலும் பிள்ளைகள் வாய்திறக்கமாட்டார்கள். ஆகவே நமது கரையிலுள்ள மீனவர் சங்கங்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோயிற் பரிபாலன சபைகளும், பங்குச் சபைகளும் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும்: "பிள்ளைகளின் பாடசாலை முறைப்பாட்டின் காரணமாக இவ்வூரில் எவருடைய தொழிலுக்கோ, முற்பணத்துக்கோ, வீட்டு நன்மை தீமைகளுக்கோ இடையூறு செய்யோம், செய்பவரை ஊர் ஏற்காது." நான்கு வரி. அதனைப் படித்துக் கையொப்பமிடும் முதல் மனிதர் சம்மாட்டியாராக இருக்கட்டும். தமிழ்பேசும் இந்துவும் இஸ்லாமியரும் கிறித்தவரும் ஒருங்கே வாழும் நமது கரையில், இந்தத் தீர்மானத்துக்கு எந்தச் சமயமும் தடை சொல்லாது.

"நாங்களும் அடிபட்டு வளர்ந்தவர்கள்தாமே, கெட்டா போனோம்?" என்று கேட்கும் பெரியோருக்கு ஒரு சொல். நீங்கள் தப்பி வந்தவர்கள். ஆகவேதான் இன்று இங்கிருந்து பேசுகிறீர்கள். தப்பாதவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வந்து விடை சொல்வதில்லை. அவர்களுள் ஒருவன் இந்நேரம் எங்கோ ஒரு வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கிறான். அவன் கணக்கிற் கெட்டிக்காரன் என்று அவனுடைய தகப்பன் அன்று என்னிடம் சொன்னார்.

அடுத்த பொதுக்கூட்டத்திற் கட்டிடம் கேட்போம், ஆசிரியர் கேட்போம், கேட்பது நமது உரிமை. அதே மேடையில், நம்மிடமே நாம் இதனையும் கேட்போம்: வேலியோரம் நிற்கும் அந்தப் பிள்ளை நாளை வாய்திறந்தால், அதற்குக் காவல் யார்? "நாம்" என்று சொல்லும் துணிவு நமக்குண்டாயின், இந்த மாதமே அந்த நான்கு வரிகளை எழுதுவோமாக!